சிவப்பில் நின்ற நூறு ரூபாய்

ஒரு லட்சம் ரூபாய், இருபது தாள், எல்லாம் ஐயாயிரம் ரூபாய்த் தாள், ஒன்றிலும் மடிப்பில்லை, மூக்கில் பிடித்தால் அச்சுமை மணக்கும், அதை அப்படியே மனைவியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, இந்தாரும் வைச்சுக்கொள்ளும் என்று சொல்லித் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர் இந்த வலிகாமத்திலே, ஏன், இலங்கைத் தீவிலேயே, சீவரத்தினத்தார் ஒருவர்தான்… அப்படித்தான் போன வெள்ளிக்கிழமை அவர் சொன்னார், கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, கையை ஆட்டி, தான் சொல்வதைத் தானே ரசித்தபடி. வாங்கின நேரம் அவளுக்குக் கண் கலங்கியது என்றும் சேர்த்தார். சேர்த்திருக்கக் கூடாது. நாகபூசணி அகப்பையைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள், நாற்பத்தொரு வருடமாக அவருடைய புளுகுகளைத் தராசில் வைத்துப் பழகிய பார்வை, இடது கண்ணில் பாதி, புரை விழுந்த வலது கண்ணில் மீதி. "நீங்களோ, எனக்கோ, லட்சமோ" என்றாள். மூன்று சொல். ஒரு முழு லட்சத்தை மூன்று சொல்லில் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அவள் தள்ளினது நியாயம், ஏனென்றால் அது பச்சைப் பொய், சொன்னவருக்கே தெரியும். உண்மை என்னவென்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த லட்சம் அவளுடைய வலது கண்ணுக்கு, உள்ளே வைக்கிற லென்சுக்கு, சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னமே அவர் வங்கியில் எடுத்து அலுமாரித் தட்டில் வைத்த காசு. வருசம் கழிந்த கிழமையே ஒப்பரேசன் என்று இருந்தது, பார்த்தால் அவளுக்குச் சீனி கூடிப்போய்க் கிடந்தது, சீனி இறங்கட்டும் பார்ப்போம் என்று டொக்டர் தள்ளிப்போட்டார், சீனி இறங்க ஐப்பசி ஆகிவிட்டது. இப்போது வாற புதன்கிழமை நாள் குறித்தாயிற்று, காசை எடுங்கோ என்று அவள் கேட்டாள், அவர் அலுமாரியைத் திறந்தார், தட்டில் வேட்டிகள் இருந்தன, நப்தலின் உருண்டை இருந்தது, காசு இல்லை. வேட்டிகளை உதறினார், மற்றத் தட்டுகளை இழுத்துப் போட்டார், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், குனிந்தவருக்கு நிமிர இரண்டு நிமிடம் எடுத்தது… எங்கை வைச்சனான், வேறை இடத்திலை வைச்சனானோ, திருப்பி வங்கியிலை போட்டனானோ, ஆருக்கும் கைமாத்தாய்க் குடுத்தனானோ… ஒன்றும் வரவில்லை. வெள்ளை. கழுவித் துடைத்த சிலேற்று மாதிரி. அந்த வெள்ளையை மறைக்கத்தான் வாய் தன்பாட்டில் அந்தப் பொய்யை எடுத்துவிட்டது, உமக்குத்தானே தந்தனான் என்று.

பெரியண்ணைக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் குடை, பிறகு சைக்கிள் திறப்பு, பிறகு பென்சன் புத்தகம், கடைசியில் ஒரு நாள் காலமை பெரியண்ணை தன் மனைவியைப் பார்த்து, மிக மரியாதையாக, நீங்கள் ஆர், ஆரைப் பாக்க வந்தனீங்கள், இருங்கோ தேத்தண்ணி குடியுங்கோ என்றார். அந்த மரியாதைதான் சீவரத்தினத்தாரால் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியாதது. அண்ணி கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள், வேறென்ன செய்வாள்… நாகபூசணியும் அதைத்தான் நினைத்திருப்பாள், சொல்லவில்லை, ஆனால் வெள்ளி பின்னேரமே மெல்பேர்னுக்கு எடுத்து மகள் தயாளினியுடன் மெல்லிய குரலில் கதைத்தாள். காது கேட்காதவர்கள்தான் மெல்லிய குரலை முழுதாகக் கேட்பார்கள், அவருக்கு எல்லாம் கேட்டது. திங்கட்கிழமை ஞாபகமறதி பார்க்கிற டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது, அதுவரைக்கும் வங்கி அட்டையும் புத்தகமும் நாகபூசணியின் தம்பி ஜெயரூபனிடம் இருக்கட்டும்… ஜெயரூபனிடம். திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவிட்டு மிச்சக்காசை எண்ணாமல் சட்டைப்பைக்குள் போடுகிற ஜெயரூபனிடம், முப்பத்தாறு வருடம் சுன்னாகம் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராய் இருந்தவருடைய வங்கி அட்டை. தயாளினி நல்ல பிள்ளை, கொஞ்சம் தவணை வாங்கித் தந்தாள். அப்பா, இன்ரநெற்றிலை சும்மா ஒண்டு இருக்கு, காசு கட்டத் தேவையில்லை, வாறது போறது எல்லாத்தையும் போட்டால் எங்கை போனதெண்டு காட்டும், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போட்டுப் பாருங்கோ, பிறகு பாப்பம் என்றாள். அம்மாவும் சம்மதித்தாள். பாப்பம் என்ற சொல்லுக்குள் ஜெயரூபன் நின்றுகொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான். பலாலி வீதியில் போகிற பஸ்களின் கோண் சத்தம், குசினியில் திருவலைக்குற்றியில் தேங்காய் திருவுகிற சத்தம், முன் விறாந்தையில் மேசை, மேசையில் தயாளினி விட்டுவிட்டுப் போன பழைய மடிகணினி, எழுத்துகளில் பாதி அழிந்தது, அழிந்த இடங்களில் அவர் வெள்ளை மையால் எழுதி ஒட்டியிருந்தார். வங்கியின் கணக்குத்தாளை இறக்கி எடுப்பதற்கே நேற்று முழுவதும் போனது, தயாளினி போனில் சொல்லச் சொல்ல, உதை அமத்துங்கோ, உதில்லை அப்பா மற்றதை… இன்று காலமை அதை அந்தக் கருவிக்குள் போட்டதும், மூன்று எண்ணுவதற்குள், சத்தியமாக மூன்றுதான், சித்திரையில் இருந்து ஐப்பசி வரைக்கும் அவருடைய சீவியம் முழுவதும் திரையில் வந்து வட்டமாக நின்றது. ஒரு பெரிய ரொட்டியைச் சுட்டு, கண்டபடி துண்டு வெட்டி, துண்டுக்கு ஒரு நிறம் பூசியதுபோல. பச்சை மின்சாரம், நீலம் போன், மஞ்சள் மருந்து. மேலே அவருடைய பெயரைச் சொல்லி நல்லாய்ச் செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கிடந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கக்கடையில் முப்பத்தாறு வருடம், கணக்குப் பார்க்க வந்த ஒரு ஓடிற்றராவது, ஒரு தலைவராவது, ஒரு நாளாவது அப்படிச் சொன்னவர்களோ, இந்தப் பெட்டி அரை மணித்தியாலத்தில் ஆளை மதித்துவிட்டது, இந்தப் பெட்டி அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவர் வடமாகாணத்துக்கே மனேச்சராய் வந்திருப்பார், மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்குள் ஈ விழுந்தாலும் சிவப்பில் காட்டியிருக்கும்.

அந்த வட்டத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய துண்டு, சாம்பல் நிறத்தில், வகை இல்லை என்று கிடந்தது. தொட்டுப் பார்த்தார். ஏப்ரல் பத்தாம் திகதி, வருசப்பிறப்புக்கு நாலு நாளைக்கு முன், வங்கியில் கையால் எடுத்த காசு, ஒரு லட்சத்து ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து இருநூறு என்னத்துக்கு… ஓ, அது புதுத்தாள், நூறு ரூபாய்த் தாள் பன்னிரண்டு, கைவிசேடத்துக்கு. வருசப்பிறப்பன்று நல்லநேரம் பார்த்து, பெரியவர்கள் மற்றவர்களுக்கு முதல் காசு கையில் கொடுப்பது, கொடுக்கிறவன் கை விளங்கினால் வாங்கினவனுக்கு வருசம் முழுக்கக் காசு புரளும் என்பார்கள். சீவரத்தினத்தாருடைய கையைப் பற்றி ஊரில் நல்ல பெயர், அந்தப் பெயரைப் பரப்பினதும் அவர்தான். ஞாபகம் வந்ததில் அவருக்கு ஒரு சந்தோசம், நெஞ்சு விரிந்தது. பாரடா, ஆயிரத்து இருநூறு எதுக்கென்று உடனே சொன்னேன், மறதிக்காரன் சொல்லுவானோ. கருவியில் ஒரு தொகையை இரண்டாக உடைக்க ஒரு பொத்தான் இருந்தது, உடைத்தார், லட்சத்தைத் தனியாக ஒதுக்கி 'கண்' என்று தமிழில் எழுதினார், ஆயிரத்து இருநூறை இன்னொரு பையாக்கி 'கைவிசேடம்' என்று பெயர் வைத்தார். பிறகு அந்தப் பையிலிருந்து கொடுத்தவர்களை ஒவ்வொருவராக இறக்கினார். நாகபூசணி நூறு. பேப்பர் கொண்டுவருகிற சுரேஸ் நூறு. முன்வீட்டுச் சின்னது ஆரபி நூறு, அதின்ரை தமையன் நூறு. தேங்காய் பறிக்கிறவர் நூறு. மீன் கொண்டுவருகிற நீக்கிலாப்பிள்ளை நூறு, குருநகரில் இருந்து விடியவே வருகிற மனுசன், வேதக்காரர்தான், ஆனாலும் கைவிசேடத்துக்கு மட்டும் ஒரு வருசமும் தவறமாட்டார்… பன்னிரண்டு பேரையும் சொல்லி முடித்தார், ஒருவரையும் விடவில்லை, பையில் மிச்சம் பூச்சியம், பக்கத்தில் ஒரு பச்சைச் சரி.

"என்ன, கண்டுபிடிச்சாச்சோ" என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

"கிட்டவாய் வந்திட்டன். இப்ப சித்திரையிலை நிக்கிறன்."

"லட்சம் எங்கை நிக்குது."

"அதுதான் சொன்னனே, உம்மட்டை."

தேங்காய் திருவுகிற சத்தம் ஒரு தரம் நின்று திரும்பத் தொடங்கியது. அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. முந்தியென்றால் திறந்திருப்பாள், விசர்க்கதை கதையாதேங்கோ என்று கத்தியிருப்பாள், இந்த இரண்டு நாளாக அவருடைய பகிடிக்கு அவள் கோபிப்பதில்லை, பொறுத்துக்கொள்கிறாள், வருத்தக்காரரைப் பொறுக்கிறமாதிரி. அதுதான் சுடுகிறது… சரி, விடும், வைகாசி. வைகாசியில் தண்ணிப் பம்புக்கு ஒரு துண்டு, ஆனியில் ஒரு செத்தவீடு, ஆனியிலே இரண்டு கலியாணம், ஆடியில் ஆடிக்கூழுக்குப் பனங்கட்டி, வங்கிக் கணக்கில் இல்லாத கையில் எடுத்த காசுகளைக்கூட அவர் நினைத்து நினைத்து இறக்கினார், விரல் விளையாடியது, எல்லாம் வந்தது, ஒவ்வொன்றும் தன் முகத்தோடு, மணத்தோடு, யார் எந்தச் சேட்டுப் போட்டிருந்தார்கள் என்பதோடு. இவ்வளவும் ஞாபகம் இருக்கிறவனுக்கு மறதி வருத்தமோ, இவருடைய மூளையைப் போத்தலில் போட்டுப் பல்கலைக்கழகத்தில் வைக்கவேண்டும், வைத்தால் பஸ் பஸ்சாய்ச் சனம் வரும். ஆனால் அந்த ஒரு துண்டு மட்டும் அசையாமல் சாம்பலாகக் கிடந்தது, 'கண்' என்று பெயர் வைத்தும் கருவி விடவில்லை, எங்கே போனது என்று கேட்டபடி நின்றது. மருத்துவமனைக்குப் போகவில்லை, வங்கிக்குத் திரும்பவில்லை. ஒன்பதரை ஆகிவிட்டது. வங்கி அட்டையை வாங்க ஜெயரூபன் பத்தரைக்கு வருகிறவன்.

ஆவணியில் வந்து நின்றார். நல்லூர்த் திருவிழா. தேருக்கு அவர் தனியாகத்தான் போனார், பட்டு வேட்டி, வருசப்பிறப்புக்கு எடுத்த மஞ்சள் சேட்டு, வெளி வீதியில் கச்சான் கடலைக் கடை வரிசை, மணல், வெயில், அரோகரா… கச்சான் நூறு ரூபாய். வீட்டுக்குத் தெரியாமல் தின்ற கச்சான், பல்லுக்கு ஆகாது என்று தடுக்கப்பட்ட கச்சான், ஒரு பெரிய பேப்பர்ச் சரை, முழுவதையும் தெற்கு வீதியிலேயே நின்று தின்று முடித்தார், தோலை ஊதிவிட்டார். அதை இறக்குவதில் ஒரு தனிச் சந்தோசம், வகை என்று கேட்டதற்கு 'களவு' என்று எழுதினார். எந்தப் பையிலிருந்து என்று கருவி கேட்டது. அவர் கொஞ்சம் யோசித்தார். அது புதுத்தாள், வளையாமல் நிமிர்ந்து நின்ற தாள், கச்சான்கார மனுசி அதை வாங்கி, என்ன ஐயா இப்பத்தான் அடிச்சனீங்களோ என்று கேட்டுச் சிரித்தாள், ஓம், வீட்டிலை மெசின் இருக்கு என்று அவர் சொன்னார். அப்படியென்றால் அது கைவிசேடத் தாள்தான், வேறு புதுத்தாள் அவர் எடுக்கவில்லை. கைவிசேடப் பையைத் தொட்டார்.

சிவப்பு. கழித்தல் நூறு. இந்தப் பையில் இருந்ததை விடக் கூடச் செலவழித்துவிட்டீர்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பன்னிரண்டு தாள் எடுத்தது, பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தது, பிறகு பதின்மூன்றாவது தாள் எப்படி நல்லூருக்கு வந்து கச்சான் வாங்கியது… வேறு யாரும் என்றால் நூறு ரூபாய்தானே என்று விட்டுவிடுவார்கள், ஆனால் அவர் சங்கக்கடைக்காரர். முப்பத்தாறு வருடத்தில் அவர் ஒன்று படித்திருந்தார், பெட்டியில் காசு குறைந்தால் ஓடிற்றர் பெரிதாகப் பயப்படமாட்டார், கட்டச்சொல்லுவார், முடிந்தது. கூடினால்தான் கதிரையை இழுத்துப்போட்டு இருப்பார். கூடின காசென்றால் எங்கேயோ ஒருவருக்குப் போகவேண்டியது போகவில்லை, அல்லது வேறெதுவோ போய்விட்டது. ஒருமுறை சீனி விற்ற காசில் முப்பது ரூபாய் கூடி, அதை இழுத்துப்போக, ஒரு மூட்டை சீனிக்குப் பதிலாக ஒரு மூட்டை பயறு யாருக்கோ போயிருந்தது தெரியவந்தது… பதிலாக. அந்தச் சொல்லில் அவருடைய விரல் மேசையில் நின்றுவிட்டது. ஒருவருக்கு நூறு போகவில்லை. நூறுக்குப் பதிலாக வேறொன்று போயிருக்கிறது.

அந்த நேரம் அலுமாரித் தட்டில் வேறென்ன இருந்தது.

ஐயோ. கைவிசேடம் என்று சொல்லி அந்த லட்சத்தைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கு. பேப்பர்காரச் சுரேசுக்கோ, அவன் வைகாசியில் புதுப் போன் வாங்கினான், பாட்டுப் போட்டபடி வருகிறான். தேங்காய் பறிக்கிறவருக்கோ, அவர் ஆனிக்குப் பிறகு மரத்தில் ஏறமாட்டேன் முழங்கால் நோகுது என்கிறார், லட்சம் கிடைத்தவருக்கு ஏன் முழங்கால் நோகாது. நீக்கிலாப்பிள்ளை… நீக்கிலாப்பிள்ளை சைக்கிளை விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டுவருகிறார், பின்னுக்குப் பெரிய ஐஸ்பெட்டி, வாங்கினது எப்போது, சித்திரைக்குப் பிறகுதான், உங்கடை கை நல்ல கை ஐயா, தொட்டது விளங்குது என்று வேறு சொன்னார், சும்மா சொல்லுறார் என்றல்லவா நினைத்தது… எப்படிப் போய்க் கேட்பது, அண்ணை, நான் தந்த கைவிசேடம் எவ்வளவு என்று, கைவிசேடம் கொடுத்தவன் ஆறுமாதம் கழித்து வந்து அதைக் கணக்குக் கேட்டால் அதைவிட ஒரு மானக்கேடு இந்தக் குடாநாட்டில் உண்டோ. கேட்டால் இந்த வீட்டுப் படலைக்குப் பிறகு மீன் வராது, கேட்காவிட்டால் நாகபூசணிக்குக் கண் வராது.

நில். நில். அவசரப்படாதே மனேச்சர். அவர் தன்னைத்தானே அப்படித்தான் கூப்பிடுவார், பதறுகிற நேரங்களில். லட்சம் எப்படி இருந்தது. வங்கியின் நீட்டுக் கடிதஉறையில், மண்ணிறம், தடிப்பாக. மற்றவர்களுக்குக் கொடுத்தது எதிலே, உறையே இல்லை, வெற்றிலையில் மடித்த வெறும் தாள், நூறு ரூபாய் வெளியே தெரிய, சுரேஸ் வாங்கிய கையோடு சட்டைப்பையில் வைத்தான், சின்ன ஆரபி தமையனுடைய தாளோடு தன்னுடையதை வைத்து எது புதிது என்று பார்த்தது, நீக்கிலாப்பிள்ளை கண்ணில் ஒற்றிக்கொண்டார், எல்லாரும் கண்ணுக்கு முன்னால், எல்லாரும் நூறு. மீன்கார மனுசனை நினைத்து ஒரு நிமிடம் வெட்கப்பட்டார். உறையில் வைத்துக் கொடுத்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். வருசா வருசம், நாற்பத்தொரு வருடமும், ஒரே ஒரு ஆளுக்கு, அதே வங்கியின் நீட்டு உறை, உள்ளே ஒரு நூறு ரூபாய்த் தாள், முந்தி பத்து ரூபாய், அதற்கும் முந்தி இரண்டு ரூபாய், தாளைச் சுற்றி மூன்று நான்கு மடிப்புப் பேப்பர் திணித்து, பார்த்தால் லட்சம் இருக்கிறமாதிரி தடிக்கப்பண்ணி, இந்தாரும், எண்ணிப்பாரும் என்று முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு கொடுப்பார். அது அவருடைய பகிடி. கலியாணம் முடித்த முதல் வருடம் அவள் திறந்து பார்த்துச் சிரித்தாள், இரண்டாம் வருடம் திறந்து முறைத்தாள், அதற்குப் பிறகு திறந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

மஞ்சள் சேட்டு. வருசத்தன்று புதிதாகப் போட்ட சேட்டு, மருத்துநீர் வைத்து முழுகிவிட்டு, பேப்பர் திணித்த உறையை அந்தச் சட்டைப்பையில்தான் அவர் வைத்தார், இப்போது கை விரலுக்குத் தெரிகிறது, அந்தப் பையின் வாய் இறுக்கமாய் இருந்தது… நேரம் போகுது, ஏழு நாற்பதோடை நல்லநேரம் முடியுது வாங்கோ என்று அவள் சாமியறைக்குள் இருந்து கூப்பிட்டாள், அவர் அலுமாரியைத் திறந்து, அங்கே கிடந்த உறையை எடுத்துக்கொண்டு ஓடினார். பையில் ஒன்று இருக்கிறது என்பதை மறந்துபோய் ஓடினார். அன்று அரை மணித்தியாலம் போட்டதோடு கழுவாமல் மடித்து வைத்த அதே சேட்டை ஆவணியில் தேருக்குப் போட்டபோது பைக்குள் ஏதோ குத்தியது, எடுத்தால் உறைக்குள் பேப்பர் சுற்றிய நூறு ரூபாய், பாரடா போன வருசத்துப் பகிடி ஒன்று மிஞ்சியிருக்கு, முருகன் கச்சானுக்குத் தந்திருக்கிறான் என்று… போட்டது புதுச் சேட்டு, அதற்குள் போன வருசத்து உறை எப்படி வரும் என்று அன்றைக்கு ஒரு கணம் யோசித்திருந்தால், கச்சான் மணம் யோசிக்க விடவில்லை.

அப்படியென்றால் அவர் கொடுத்திருக்கிறார். உண்மையாகவே. இருபது தாளையும், மடிப்பில்லாமல், அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி. கைவிசேடத்தை அவர் அப்படித்தான் கொடுப்பார், எல்லா வருடமும் விரலை மூடிவிடுவார். அவளுக்குக் கண் கலங்கினதைத் தவிர, வெள்ளிக்கிழமை அவர் புளுகினதில் ஒரு சதம் கூடப் புளுகில்லை. சீவரத்தினத்தாருக்கு உடம்பெல்லாம் காற்றுப் பிடித்தமாதிரி இருந்தது, கதிரையில் இருந்து இரண்டு அடி உயரத்தில் மிதப்பதுபோல, வடமாகாணம் என்ன, இனி நிதியமைச்சையே தந்தாலும் பார்க்கலாம். எழும்பினார், சாரத்தை இறுக்கினார், முகத்தை ஒன்றும் நடக்காததுபோல வைத்துக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றார்.

"இஞ்சரும், வருசத்துக்கு நான் தாற கவரை என்ன செய்யிறனீர்."

"ஏன்."

"சும்மா கேக்கிறன். கொம்பியூட்டர் கேக்குது."

"உண்டியல்லை போடுறனான்." அவள் திருவலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "தேரண்டைக்கு."

"உடைச்சுப் பாக்கிறேல்லையோ."

"என்னத்தைப் பாக்கிறது, உங்கடை பேப்பரையோ. அப்பிடியே கொண்டுபோய் முருகனுக்குப் போட்டிடுவன். அவர் எண்ணட்டும்."

மிதந்தவர் இறங்கினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தேர் ஆவணியில் போய்விட்டது. இருபது தாள்… நாற்பது வருடப் பேப்பரைப் பொறுமையாக வாங்கிக்கொண்ட முருகன், கடைசியில் ஒரு வருடம் உறை கனக்கிறது என்று சிரித்திருப்பான். போனது போனதுதான், கோயிலுக்குப் போட்டதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை. ஆனாலும் களவு போகவில்லை, தொலையவில்லை, வெள்ளையாகிவிடவில்லை, எங்கே போனதென்று தெரியும், எந்த நாளில் எந்த நிமிடத்தில் என்று தெரியும், அது போதாதோ… போதாது, கண் இருக்கிறதே. தயாளினியிடம் கேட்கலாம். மோதிரத்தை அடைவு வைக்கலாம். திங்கட்கிழமை இல்லாமல் செய்யலாம், அது காணும்.

"இந்த வருசமும் போட்டனீர் என்ன."

திருவுகிற சத்தம் நின்றது. "இந்த வருசம் நான் எங்கை தேருக்குப் போனனான். சனத்துக்கை கண் தெரியாமல் விழுந்து கிடப்பீர் எண்டு நீங்கள்தானே மறிச்சுப்போட்டுத் தனியப் போனனீங்கள்." கொஞ்சம் பொறுத்து, "போய்க் கச்சான் திண்டுபோட்டு வந்தனீங்கள்" என்றாள். "சேட்டுப் பையுக்கை தோல் கிடந்தது."

"அப்ப கவர் எங்கை."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவருடைய முகத்தில் அவள் என்ன கண்டாளோ தெரியாது, மடியில் இருந்த தேங்காய்ப் பாதியைச் சுளகில் வைத்துவிட்டு, கையைக் கழுவி, சீலைத் தலைப்பில் துடைத்து, உள்ளே போனாள். தையல் மெசினின் லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது, அது எப்போதும் பாதியில் சிக்கும், சிக்கியது, திறந்தது. மண்ணிற உறையோடு வந்தாள். அவர் கையை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. தானே யன்னல் பக்கம் வெளிச்சத்துக்குப் போய், ஓரத்தை மெதுவாகக் கிழித்து, உள்ளே பார்த்தாள். இடது கண்ணுக்குக் கிட்டவாக உறையைப் பிடித்துத் திரும்பப் பார்த்தாள். பிறகு விரலில் எச்சில் தொட்டு எண்ணத் தொடங்கினாள், ஒன்று, இரண்டு, சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய. பன்னிரண்டில் ஒருமுறை நின்று, முதலில் இருந்து தொடங்கினாள். அவரும் பின்னுக்கு நின்று கூடவே விரல் மடித்தார்.

இருபதுக்கு வந்ததும் தாள்களை நேராக்கி உறைக்குள் வைத்தாள். "அண்டைக்குச் சொல்லேக்கை உங்களுக்கு உது தெரியுமோ" என்று கேட்டாள்.

தெரியாமலோ, என்று சொல்வதற்கு அவருக்கு வாய் வந்தது. எவ்வளவு சுலபம், எவ்வளவு அழகாக இருக்கும், எல்லாம் தெரிந்துதான் சொன்னனான், உம்மைச் சோதிச்சனான், என்று ஒரு மணித்தியாலத்துக்கு இழுக்கலாம். ஆனால் சொல் வரவில்லை. தெரியாது, அதுதான் உண்மை, அவருக்குத் தெரியாது, அலுமாரி வெறுமையாய் இருந்தபோது தலைக்குள் ஒன்றும் இல்லை, இருந்தும் வாய் அவ்வளவு சரியாகச் சொன்னது, இருபது தாள் என்று, உள்ளங்கை என்று, விரல் மூடினது என்று. அப்படியென்றால் அதை யார் ஞாபகம் வைத்திருந்தது. அவர் பொய் என்று நினைத்துச் சொன்னதை உள்ளே இருந்து ஒருவர் உண்மையென்று தெரிந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்… இது மறதியோ, மறதிக்கு எதிர்ப்பக்கமோ. இவ்வளவு காலமும் இவர் ஊருக்கு அவிழ்த்துவிட்ட மற்றப் புளுகுகள், அவற்றில் எத்தனை… அந்தக் கேள்வியை அவர் அதற்கு மேல் தள்ளவில்லை, திங்கட்கிழமை டொக்டரிடம் போனால் என்ன என்று மட்டும் முதல்முறையாகத் தோன்றியது, வருத்தத்துக்கு இல்லை, இதைக் கேட்பதற்கு.

"தெரியாது" என்றார்.

நாகபூசணி அவரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தத் தராசுப் பார்வை இல்லை, வேறேதோ. பிறகு உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைவிசேடமாய்த் தந்ததைத் திருப்பிக் கேக்கிறேல்லை, தெரியும்தானே, கண்ணுக்கு நான் கட்டுவன், என்ரை காசு என்றாள். அவர் தலையாட்டினார். விறாந்தைக்கு வந்து கதிரையில் இருந்தார். திரையில் வட்டம் அப்படியே நின்றது, சாம்பல் துண்டு, வகையைத் தெரிவுசெய்யவும், கீழே ஒரு பட்டியல், உணவு, வீடு, மருந்து, அன்பளிப்பு, இழப்பு… எதைத் தொடுவது என்று விரல் போய்ப் போய் வந்தது. படலையில் சைக்கிள் மணி கேட்டது, ஜெயரூபனாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும். உள்ளே நாகபூசணி மெல்பேர்னுக்கு எடுத்துவிட்டாள், இந்தமுறை மெல்லிய குரலில் இல்லை, முன்வீட்டுக்கும் கேட்கும்படி.

"ஓம் பிள்ளை, கிடைச்சது… இல்லையடி, களவு போகேல்லை… ஓம், நானும் நம்பேல்லைத்தான்… கொப்பர் தந்தவர்தான் பிள்ளை. முழு லட்சமும், என்ரை கையிலைதான் தந்தவர்."